பின்னால் நிற்க ஆளில்லாத வண்டி: மாத்தளையிலிருந்து பல்லேகம வரை

பழைய மோட்டார் வீட்டுக்கு ரிவர்ஸ் கேமரா பொருத்துவது எப்படி என்று தேடி இங்கே வந்திருந்தால், விஷயம் கீழே இருக்கிறது. எதற்காகப் பொருத்தினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது முன்பு இருபத்தாறு ஆசனங்கள் இருந்த ஒரு பழைய ஜப்பான் பஸ். தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற என் கணவர் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து அதை வீடாக்கினார். ஆறு வருடம் சுற்றினோம். நேரான பாதைகளில் சில நேரம் என்னிடம் தருவார். மற்றபடி அவர்தான் ஓட்டுவார். பின்னால் எடுக்க வேண்டி வந்தால் நான் இறங்கி நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்துவேன்; போதும் என்றால் பின்கதவில் இரண்டு தட்டு. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்த தொண்டை, எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கும்.

போன வருடம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் வண்டி பத்து மாதம் அசையாமல் நின்றது. கனடாவில் இருக்கும் மகள் விற்றுவிடச் சொன்னாள். வாங்குவதற்குக் கண்டியில் ஒருவர் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னிடம் லைசன்ஸ் உண்டு, ஆனால் முன்னால் போக மட்டும்தான் தெரியும். அதனால் இந்தப் பெப்ரவரியில் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். தனியாக ரிவர்ஸ்டன் மலை தாண்டிப் பல்லேகமவுக்குப் போய்த் திரும்பினால் வண்டி எனக்கு, முடியாவிட்டால் கண்டிக்காரருக்கு.

கேமராவை முதலில் நானே பொருத்திப் பார்த்தேன். ரிவர்ஸ் போட்டால் எரியும் பின்பக்க வெள்ளை லைட்டின் வயரில் கேமரா வயரைச் சேர்த்தேன். பழைய பஸ்களில் 24 வோல்ட், கடையில் கிடைக்கும் கேமராக்களுக்குப் பெரும்பாலும் 12. ஒரு கணக்கு டீச்சர் இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் என்ன நடக்கும்? புகை வரும். வந்தது.

வெள்ளிக்கிழமை காலை 8.30க்கு மாத்தளை டவுனில் ஒரு வயரிங் கராஜுக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் முஸ்லிம் அண்ணனை எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிதானமான மனிதர், என் புகைக் கதையைக் கேட்டும் சிரிக்கவில்லை. ஏழு அங்குலத் திரையும் புதுக் கேமராவும் 11,500 ரூபாய், 24ஐ 12ஆக்கும் சின்னப் பெட்டி 2,800, கூலி 5,000. கேமராவிலிருந்து திரை வரை பன்னிரண்டு மீட்டர் வயர் தேவை. அடியால் இழுத்தால் சேறும் எலியும் விடாது, கூரைப் பலகைக்கு மேலால் இழுப்போம் என்றார். என் கணவர் அறுத்துப் பூட்டிய பலகைகள். கழற்றச் சம்மதிப்பதற்கு எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

பின்பக்கத்துப் பலகையைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், கொஞ்சம் ஏறிப் பாருங்க. இங்க முன்னமே வயர் இழுத்து ஈக்குது."

ஏறிப் பார்த்தேன். பின்கதவுக்கு மேலிருந்து டாஷ்போர்ட் வரை ஒரு கேமரா வயர். இரண்டு முனையிலும் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் மேல் என் கணவரின் கோணல் எழுத்தில் 'ரிவர்ஸ் கேமரா'. வண்டியைக் கட்டியபோதே இழுத்து வைத்திருக்கிறார். கேமராவை மட்டும் வாங்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எனக்கு வந்தது கண்ணீர் அல்ல, கோபம். ஆறு வருடம் மழையில் நின்றிருக்கிறேன், அட்டைக் கடி வாங்கியிருக்கிறேன், "இறங்குங்க டீச்சர்" என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் இறங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நானா அந்த வயரைச் சோதித்துப் பார்த்து, நல்ல வயர் என்று சொல்லி அதிலேயே இணைத்தார். திரையில் இடம் வலமாகத் தெரிந்தது. கேமராவில் இருந்த ஒரு சின்ன வளைய வயரை வெட்டியதும் சரியானது. 1.15க்கு வேலை முடிந்தது.

சனிக்கிழமை காலை 6.10க்குப் புறப்பட்டேன். ரத்தோட்டை வரை 13 கிலோமீட்டர், சுலபமான பாதை. அங்கே தேநீரும் இரண்டு ரொட்டியும். பழக்கதோஷத்தில் இரண்டு தேநீர் சொல்லி, இரண்டையும் நானே குடித்தேன். அதற்கு மேல் ரிவர்ஸ்டன் ஏற்றம். பாதை ஒடுங்கும், மூடுபனி இறங்கும். இடப்பக்கம் தண்ணீர் ஓடும் கான், வலப்பக்கம் பள்ளம்.

8.20க்கு ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது புத்தகத்தில். பஸ் பின்னால் போகாது என்பது இந்த மலையில். ஒதுங்கும் இடம் எனக்குப் பின்னால் நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து, பின்னால் பார்க்க ஆள் இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். அந்தச் சொல்லை அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். தான் பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று திரையைக் காட்டினேன். பரீட்சையில் பார்த்தெழுதுவது எனக்குப் பிடிக்காது.

திரை பனியில் மங்கியிருந்தது. இறங்கித் தார்ப்பாதையிலேயே நடந்து போய்ச் சேலைத் தலைப்பால் கேமராவைத் துடைத்துவிட்டு வந்து ரிவர்ஸ் போட்டேன். திரையில் தூரம் காட்டும் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு. ஒரு சத்தம் இல்லை. பத்து மீட்டர் போனதும் வாய் தானாக "வரட்டும், வரட்டும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டது. நான்கு நிமிடம் எடுத்தது. பின்சக்கரம் கானுக்கு ஒரு அடி தள்ளி நின்றது. பஸ் கடந்து போனது, ஜன்னலோரத்துச் சனமெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே போனது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் ஓடிவந்து ஏறுவேன், சேற்றுச் செருப்போடு ஏறியதற்கு ஏச்சு வாங்குவேன். அன்று செருப்பில் சேறு இல்லை. அழுது முடித்துவிட்டுத்தான் முதல் கியரைப் போட்டேன்.

பல்லேகமவுக்கு 10.40. என் மீட்டரில் 55 கிலோமீட்டர். பழைய ஊர் நீர்த்தேக்கத்துக்குள் போனபின் கட்டிய புதிய ஊர் என்பதால் பாதைகள் அகலம், நிறுத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மரத்தடியில் நிறுத்தி, சோறு சமைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். கோபம் அங்கேதான் வடிந்தது. எங்களில் ஒருவர் தனியாகும் நாளுக்காக அந்த வயரை இழுத்து வைத்திருக்கிறார். அந்த நாள் வராத வரைக்கும் நான் பின்னால் நின்று கத்துவதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஞாயிறு காலை 7.00க்குத் திரும்பப் புறப்பட்டேன். அலுவிகாரைக்கு வந்ததும் கண்டிக்காரருக்கு விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு மகளுக்குப் போன் எடுத்தேன்.

"தனியா எப்படிம்மா போவீங்க?"

"தனியாத்தான் போவேன். வேற எப்படி?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை: வண்டி 12ஆ 24ஆ என்று பார்க்காமல் எதையும் இணைக்காதீர்கள். பனியில் கேமராவைத் துடைக்க ஒரு துணி கையில் இருக்கட்டும். ரிவர்ஸ்டன் பாதையில் காலை ஏழுக்கு முன்பே ஏறிவிடுங்கள், பஸ் தொல்லை குறைவு. புதிதாக வண்டி கட்டுகிறவர்கள் கூரைப் பலகையைப் பூட்டும் முன்பே வயரை இழுத்து வைத்துவிடுங்கள். ஆனால் பின்னால் நின்று கத்த ஒருவர் இருக்கிறார் என்றால், கேமரா வாங்க அவசரப்படாதீர்கள்.