செம்பனைத் தோட்டத்தில் சாப்பிட்ட சோறு

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பள்ளி விடுமுறை. சிரம்பானிலிருந்து ஜொகூருக்குக் காரில் கிளம்பினோம். நான், என் கணவர், பிள்ளைகள் இரண்டு பேர். நெடுஞ்சாலையில் போனால் டோல் கட்ட வேண்டுமே என்று, ரெம்பாவ், தம்பின் ஊர்கள் வழியாகப் பழைய சாலையைப் பிடித்தார் என் கணவர். சிக்கனத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மேடு ஏறும்போது ஏர்கோனைக்கூட அடைத்துவிடுவார். நல்ல சட்டை பாழாகுமென்று வேலையிடத்தில் சும்மா கொடுத்த, நெஞ்சில் சிங்கப்பூர்க் கம்பெனிப் பெயர் போட்ட டீசட்டையைத்தான் போட்டிருந்தார்.

சாப்பாட்டுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். அது தோட்டத்துக் கோயில்களில் திருவிழா நடக்கும் காலம். கூடாரம் போட்ட இடத்தில் அன்னதானம் இருக்கும். யார், எவர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். “சாமி சாப்பாடு இருக்கும்போது கடையில போய்க் காசைக் கொட்டணுமா லா?” என்றார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

மத்தியானம், ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் வெள்ளைக் கூடாரம் தெரிந்தது. பெரிய பெரிய சட்டிகள், வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். பிள்ளைகளுக்கு நல்ல பசி. “வாங்க, உக்காருங்க” என்று ஒருவர் இடம் காட்டினார். சோறு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கோயில் எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். கோயிலைக் காணோம். கூடாரத்தை ஒட்டி ஒரு வீடு. வாசலில் மாலை போட்ட படம். இருபது வயதுப் பையன் ஒருவன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். கருமக்கிரியை வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று புரிந்ததும் எனக்கு உடம்பே கூசியது.

பாதி இலையில் எழவும் முடியாது. தவித்துக்கொண்டிருக்கும்போதே பையனின் அம்மா நேராக எங்களிடம் வந்துவிட்டார். கணவரின் டீசட்டையைப் பார்த்து, “சிங்கப்பூர்லேருந்து வர்றீங்களா தம்பி? என் மவனோட வேலை செஞ்ச கூட்டாளியா? அங்கேருந்து ஒருத்தருமே வரலியேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார்.

கணவர் வாயில் சோறு. அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதற்குள் அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். மோட்டார் வாங்குவதில் மகனோடு சண்டையாம். கோபத்தில், இனி வீட்டுப் படி ஏறாதே என்று கத்திவிட்டாராம். அவன் அதன்பிறகு வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. அந்த மோட்டாரிலேயே அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

“நெசத்தச் சொல்லுங்க தம்பி. எம்மேல கோவமாவே இருந்தானா?”

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கணவருக்கு ஜாடை காட்டியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு மனசு வரவில்லை.

“இல்லம்மா. உங்களப் பத்திதான் எப்பவும் பேசுவான். லீவு கெடைச்சதும் வீட்டுக்குப் போவணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்.” சொன்னது என் கணவர்தான். அந்த அம்மா அவருடைய எச்சில் கையை அப்படியே பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்களுக்கு வசதியாகிவிட்டது. பேசாமல் நடந்தோம். அந்த அம்மா பின்னாலேயே ஓடிவந்து என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். “இங்கேருந்து சாப்பாடு கட்டிக் குடுக்குற வழக்கமில்லதான். ஆனா அவனத் தேடி வந்த புள்ளைங்கல்ல நீங்க” என்றார்.

காரில் என் மகள் கேட்டாள். “அப்பா, அந்த அண்ணன உங்களுக்குத் தெரியுமா?” கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். துக்க வீட்டுக்குப் போனவர்கள் வேறெங்கும் போகாமல் வீட்டுக்குத் திரும்பிக் குளிக்க வேண்டுமில்லையா? காரைத் திருப்பச் சொன்னேன். ஜொகூர்ப் பயணம் அதோடு போயிற்று. பிள்ளைகள்கூட முணுமுணுக்கவில்லை.

ஒருமுறை கணவர், போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றார். வேண்டாம் என்று தடுத்தது நான்தான். அது சரியா தப்பா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த அம்மா நாங்கள் சொன்னதை நம்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. நம்பவில்லையோ என்று நினைத்தால் அதைவிட அடைக்கிறது.