தட்டாமல் நுழைந்த கதவுகள்

மாத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே அறை. அம்மாவின் பழைய சேலையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம்; அதற்குப் பின்னால்தான் அக்கா உடுப்பு மாற்றுவாள்.

போன மாதம் ஒரு காலையில், தோட்டத்து வீடுகளைப் பார்வையிடும் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் சப்பாத்துக் காலோடு உள்ளே வந்தார். வெளியாட்கள் யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். யாரையும் கேட்காமல் அலுமாரியைத் திறந்தார். பிறகு கையிலிருந்த குடையால் சேலையை விலக்கினார். கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, புள்ள உள்ள இருக்குன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் அம்மா.

மன்னிப்புக் கேட்டது அம்மா! அது போதாதென்று, விருந்தாளிக்கென்று எடுத்துவைத்திருந்த கோப்பையில் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தாள். அந்த மனுஷன் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. நேரே போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"ஒனக்குக் கதவத் தட்டிட்டு வரத் தெரியாதா?" என்று கத்தினார்.

நியாயம் கேட்கப் போன நான், வாசலுக்குத் திரும்பி வந்து, திறந்து கிடந்த அந்தக் கதவைத் தட்டினேன்.