பூஜையில் வைத்த ரேடியோ

சென்ற தசராவின்போது சித்தப்பாவின் காரைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். பழைய கார்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. பானெட்டைத் தடவிப் பார்த்தார், சக்கரத்தின் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தார். உள்ளே குனிந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. மரத்தாலான டாஷ்போர்டின் நடுவில் கோணல்மாணலாக ஒரு பெரிய ஓட்டை.

"அய்யோ, யார் சார் இதை இப்படி வெட்டினது?"

"முன்னாடி வெச்சிருந்தவங்க," என்றார் சித்தப்பா.

முன்னால் வைத்திருந்தவர் சித்தியின் அப்பா. அவர் இறந்து வெகுகாலமாகிறது. சித்தி காபித் தட்டோடு அங்கேயேதான் நின்றிருந்தார். தம்ளர்களை எடுத்துக் கொடுத்தார், தட்டைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். எனக்குக் காது மடல் வரை சுட்டது. வெட்டியது யார், எப்படி என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு சொன்னால் எதையாவது விட்டுவிடுவேன்.

முதலில் கார். சித்தியின் அப்பா மைசூரில் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எஞ்சின் இறுகிப்போன அந்தக் காரைக் குடகிலிருந்து ஒரு காப்பித் தோட்டக்காரர் கொண்டுவந்து விட்டுப் போனார், பிறகு வேண்டாம் என்று அவரிடமே தள்ளிவிட்டார். சித்தியின் அப்பா அதை ஓடவைத்தார். டாஷ்போர்டின் மரத்தைத் தன் கையால் தேய்த்து மெருகேற்றினார். ஒரே மகள் என்பதால் அவருக்குப் பிறகு கார் சித்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. சித்தப்பா அதை 'என் கார்' என்பார். சித்தி 'அப்பா கார்' என்பார். 'சித்தி கார்' என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, நான் உட்பட.

இரண்டாவது சித்தி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். கல்யாணத்துக்கு முன் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. தினமும் ரயிலில் போய் வந்தவர். கல்யாணமானதும் "எதுக்கு அந்த அலைச்சல்?" என்று சித்தப்பா ஒரு முறை கேட்டார். அது கேள்வி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாலிடரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் பரண்மேல் போனது.

மூன்றாவது அந்த ரேடியோ. காரோடு பிறந்தது. இரண்டு பக்கமும் இரண்டு திருகு குமிழ்கள், நடுவில் கேசட் போடும் வாய், அதற்குக் கீழே ஸ்டேஷன் மாற்றும் தடித்த பொத்தான்கள். அந்த வருட மழைக்காலத்தில் அது ஊமையாகிவிட்டது. விளக்கு எரியும், முள் நகரும், சத்தம் மட்டும் வராது. சித்தப்பா அதற்காகவே காத்திருந்தவர்போல அடுத்த வாரமே ஒரு புதுப் பெட்டியை வாங்கி வந்தார். நீல விளக்குகள் அலையலையாக ஓடும். கூடவே ஒரு ரிமோட் வேறு. கையை முழுசாக நீட்டக்கூட இடமில்லாத காருக்கு ரிமோட்!

புதுப் பெட்டி பழைய இடத்தில் நுழையாது. மரத்தை வெட்டினால்தான் நுழையும். சித்தி அளந்து பார்த்துவிட்டு, "வெட்ட வேண்டாங்க. நான் பழசையே சரி பண்ணித் தரேன்," என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் தனக்கென்று கேட்டு நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

"பண்ணேன். யாரு வேண்டாம்னா? ஆயுத பூஜை வரைக்கும் டைம். அதுக்குள்ள பாடிடுச்சுன்னா பழசே இருக்கட்டும். இல்லேன்னா விஜயதசமி அன்னிக்கு நல்ல நாள், புதுசை மாட்டிடலாம்," என்று சித்தப்பா சிரித்தார்.

பிஸ்கட் டின் பரணிலிருந்து இறங்கியது. மத்தியான வேலை முடிந்ததும் சித்தி சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து ரேடியோவைத் திறப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் டார்ச் பிடிப்பேன். சித்தி எதையும் ஊகிக்க மாட்டார். ஸ்பீக்கர் நல்லா இருக்கா, இருக்கு, அதை விடு. ஒயர் நல்லா இருக்கா, இருக்கு, அதையும் விடு. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவார். மீட்டரின் இரண்டு முனைகளும் அவர் கையில் கோலப்பொடிபோல இலேசாக நின்றன. கடைசியில் ஒரு டிரான்சிஸ்டரில் வந்து நின்றார்.

"இது செத்துப் போச்சு கண்ணு. இது ஒண்ணை மாத்திட்டா பேசும். கேசட் ஓடறதுக்கு ஒரு பெல்ட் வேணும், அது அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த டிரான்சிஸ்டர் எளிதில் கிடைக்கவில்லை. கடைக்காரர் தருவித்துத் தருவதாகச் சொல்லி, ஆயுத பூஜை அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. கடையில் பூஜை போட்டு மூடுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று சித்தி பஸ் பிடித்து ஓடினார். எங்கள் வீட்டில் பூஜை எப்போதும் விளக்கு வைக்கிற நேரத்தில்தான். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு முழு மத்தியானம் மிச்சம் இருந்தது.

அன்று எனக்குக் கொண்டாட்டம். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பதால், முதல் ஆளாகக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய் அடுக்கி வைத்தேன். அப்போதுதான் சித்தப்பா குளித்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"இந்த வருஷம் நல்ல நேரம் மத்தியானத்துக்கு முன்னாடியே இருக்காம்," என்று என் அம்மாவிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேசைக்குப் போனார். சாலிடரிங் அயர்ன், குறடு, ஸ்க்ரூ டிரைவர்கள், மல்டிமீட்டர், மூடி திறந்து கிடந்த ரேடியோ, எல்லாவற்றையும் அள்ளி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். மீட்டரின் கண்ணாடி மேலேயே ஒரு பொட்டு. தண்ணீர் சொட்டும் சேவந்திப் பூ ஒன்றை நேராக சர்க்யூட் போர்டின் மேல் வைத்தார். பிறகு கற்பூரம் ஏற்றி மணி அடித்தார். காருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. சித்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சித்தி வாசலில் சிதறிக் கிடந்த பூசணித் துண்டுகளைப் பார்த்தார். உள்ளே வந்து காலியான மேசையைப் பார்த்தார். கையில் சின்னக் காகிதப் பொட்டலம்.

"சாமிகிட்ட வெச்சாச்சும்மா," என்றார் சித்தப்பா, வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு. "இனிமே நாளைக்குத்தான் எடுக்கணும். உன் டூல்ஸும் ஆயுதந்தான?"

"பூ ஈரமா இருக்குங்க. போர்டு நனைஞ்சிடும்."

"சாமி பூ. ஒண்ணும் ஆகாது."

அம்மா, "விடு, நாளைக்குக் காலைல செஞ்சுக்கலாம்," என்றார். நான் சித்தியின் முந்தானையைப் பிடித்து, "யாருக்கும் தெரியாம நான் எடுத்துத் தரட்டுமா சித்தி?" என்று கேட்டேன்.

"வேண்டாம். வெச்சது வெச்சதுதான்."

அந்தப் பதிலை நான் மன்னிக்கவே இல்லை. சித்தப்பா மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நொடியில் சித்தி மேல் திரும்பியது. செய்தது அழுகுணி ஆட்டம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அந்தக் கற்பூரத் தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம். அவரோ காகிதப் பொட்டலத்தை உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, சுண்டலுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தார். எனக்குக் கொடுத்த சுண்டலை நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்காததில் இன்னொரு கோபம்.

மறுநாள் விடிந்ததும் சித்தி குளித்து வந்து, புனர்பூஜை முடித்து, முதல் வேலையாகப் பூவை எடுத்துவிட்டு போர்டைத் துணியால் ஒற்றினார். மீட்டரின் சந்தனத்தைத் துடைத்தார். சித்தப்பாவின் பழைய பைக் பேட்டரியை மேசைக்கு இழுத்து வந்து ஒயர் கொடுத்தார். அயர்ன் சூடாகும்போதே வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. புதுப் பெட்டியை மாட்டித் தரும் ஆள். பண்டிகை நாளில் அவ்வளவு காலையில் ஒருவர் தானாக வருவாரா?

நான் வெளியே ஓடினேன். அவர் டாஷ்போர்டுக்கு முன்னால் பெட்டியைப் பிடித்துப் பார்த்து, "கட் மாட்பேகு சார்," என்றார். வெட்டித்தான் ஆக வேண்டுமாம்.

"மாடப்பா, மாடு," செய்யப்பா, செய் என்று சித்தப்பா அவசரப்படுத்தினார்.

"சித்தப்பா, சித்தி இன்னும் கொஞ்ச நேரத்துல முடிச்சிடுவாங்க!"

"நேத்து வரைக்கும்தான டைம் கொடுத்தேன்? தள்ளி நில்லு, கண்ணுல தூள் விழும்."

வெட்டும் மெஷின் அலற ஆரம்பித்தது. மெருகேற்றிய மரம் கருகும் வாசனை. நான் உள்ளே ஓடி, "வெட்றாங்க சித்தி!" என்று கத்தினேன். சித்தி தலையைத் தூக்கவில்லை. டிரான்சிஸ்டரின் கடைசிக் காலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மெல்லிய புகைக்கோடு ஒன்று அவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டு மேலே போனது. பேட்டரியின் இணைப்பைக் கொடுத்துக் குமிழைத் திருப்பினார். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு தெளிவான கன்னடத்தில் ஒருவர் தக்காளிச் செடிக்கு வரும் இலைச்சுருட்டு நோயைப் பற்றிப் பேசினார். சித்தி குமிழைக் கடைசிவரை திருப்பினார். வீடு முழுக்க, தெரு முழுக்க இலைச்சுருட்டு நோய். மெஷின் சத்தம் நின்றது.

சித்தப்பா தலையெல்லாம் மரத்தூளோடு உள்ளே வந்தார். அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "பேசுதே! அண்ணி, இங்க வந்து பாருங்க, பேசுது!" என்று என் அம்மாவை அழைத்தார். அந்தக் கடை ஆளிடம், "என் ஒய்ஃப் பண்ணது," என்று பெருமை அடித்துக்கொண்டார். பிறகு சித்தியைப் பார்த்து, "ஏம்மா, இதை ஒரு மணி நேரம் முன்னாடி பண்ணியிருக்கக் கூடாதா? இப்ப வெட்டியாச்சே," என்றார்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த வாக்கியத்தை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை.

சித்தி ரேடியோவை அணைத்தார். ஒயர்களைச் சுருட்டினார். வாசலுக்குப் போய்க் காரின் தரையில் கிடந்த மரத்துண்டை எடுத்து, தூளை ஊதிவிட்டுக் கொண்டுவந்தார். அன்று பாயசப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி அதன்மேல்தான் வைத்தார். சித்தப்பா அந்தப் பாயசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மத்தியானம் ஊரே யானை ஊர்வலம் பார்க்கப் போனபோது நான் மாடியில் படுத்துக்கொண்டேன்.

பண்டிகை முடிந்து வந்த திங்கட்கிழமை காலையில் சித்தி புதுப் புடவை கட்டி, மடிப்பு கலையாமல் பின் குத்திக்கொண்டு கிளம்பினார். நஞ்சன்கூட்டுக்கு ரயிலில் போகிறாராம். சித்தப்பா அப்போது காருக்குள் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தார். பாட்டுச் சத்தத்தில் சித்தி சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கேசட்டுக்கு ஒரு பெல்ட் வேணும், அப்புறம் பாத்துக்கலாம் என்று சித்தி சொன்னது நினைவிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் இவர் அந்த ரேடியோவுக்குச் சாமான் வாங்கப் போகிறார்! கேட்டைப் பிடித்துக்கொண்டு, "வெட்டின காருக்கு பெல்ட் எதுக்கு சித்தி?" என்று கத்தினேன்.

சித்தி திரும்பிப் பார்த்தார். அந்தத் தசரா முழுவதும் பார்க்காத ஒரு சிரிப்பு.

"சாயங்காலம் வந்து சொல்றேன் கண்ணு. படி."

அவர் கையசைத்தார், நான் அசைக்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை முறைத்துக்கொண்டே நின்றேன். ஒரு தோளில் பை, அதற்குள் மல்டிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். இன்னொரு கையில் இரண்டடுக்கு டிபன் கேரியர். பெல்ட் வாங்கப் போகிறவர் எதற்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.