நுரைக்காத கரி

நாலு மூட்டை வெறும் கரியை நல்ல கரி என்று தைத்து அனுப்பியவன் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

செய்யூர் தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் எங்கள் கம்பெனி. கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்குவோம். அந்தக் கரியை உலையில் போட்டு நீராவி விடவேண்டும். அப்போதுதான் அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். காற்றில் உள்ள விஷத்தைப் பிடிப்பது அந்த ஓட்டைகள்தான். ஆவி படாத கரி அடுப்புக்குத்தான் ஆகும்.

ஆவிக் குழாயைத் திறப்பது என் வேலை. அன்று மறந்தேன்... எப்படி மறந்தேன்? இன்றுவரை தெரியவில்லை.

கரி தேறியதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டால் 'உஸ்' என்று நுரைக்கும். கரி பேசுது என்போம். அன்று போட்டேன். சத்தமே இல்லை. இன்னொரு டம்ளர்... அதிலும் இல்லை.

சூப்பர்வைசர் தள்ளி நின்று கேட்டார்.

"இன்னாய்யா, பேசுதா?"

"பேசுதுங்க."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை! முன்பே ஒருமுறை எச்சரித்திருந்தார்கள். வேலை போய்விடும் என்று பயம்.

மூட்டையில் ஊர் எழுதுவதும் நான். கூடுவாஞ்சேரி, பெயிண்ட் ஷெட்... கை நின்றது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வேனில் வேலைக்குப் போவது அங்கேதான். பெயிண்ட் புகையை இழுக்கும் பெட்டியில் எங்கள் கரியைத்தான் கொட்டுவார்கள்.

கை நின்றது. ஆனாலும் எழுதினேன்.

சில நாள் கழித்து ஸ்டெல்லா சொன்னாள்.

"புதுக் கரி கொட்டிருக்காங்கண்ணா. உன் கம்பெனிதுதான். இனிமே இன்னா பயம்னு மாஸ்க்கக் கழட்டிட்டேன். அத்த மாட்டிகினு நின்னா ஒரே புழுக்கம்!"

அப்புறம்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் ஆரம்பித்தது. புகையா, மழைச் சளியா? நீங்களாவது சொல்லுங்கள்! ஒவ்வொரு இருமலையும் எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை வேன் வருமுன் அவளிடம் போய் நின்றேன். சொல்லிவிடத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"மாஸ்க் போட்டுக்கோம்மா."

சிரித்தாள். "இன்னாண்ணா, உன் கரி மேல உனக்கே நம்பிக்க இல்லியா?"

நானும் சிரித்தேன்...

வேன் வந்தது. வெறும் மூக்கோடு ஏறிப் போனாள்.

இன்றும் போயிருக்கிறாள்.