ஸ்கேல் டீச்சரின் கார் மூச்சு விட்ட கதை

பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கு டீச்சருக்கு ஸ்கேல் டீச்சர் என்று பெயர். பிள்ளைகளை அடிப்பதற்காக அல்ல. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார் என்பதற்காக. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். டீச்சர் போடுவதற்கு முன்னால் ஆற்றையும் அளந்துவிடுவார். கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கே, "அஞ்சடி ஏழுன்னு சொன்னீங்களே, அஞ்சடி ஆறரைதான் இருக்கு" என்று வருங்காலக் கணவரின் முகத்துக்கு நேரே சொன்னவர்.

பள்ளி இருந்தது மேட்டின் உச்சியில். அவருடைய பழைய குட்டிக் கார் அந்த ஏற்றத்தில் முக்கி முனகி ஏறுவதற்குள், பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே அவரைத் திட்டி முடித்திருப்பார்கள். இருபது வருஷம் பொறுத்தார். ஐம்பத்து மூன்றாவது வயதில், வெளிநாடு போகிற ஒருவரிடமிருந்து இஞ்சினுக்குள் காற்றை உறிஞ்சித் திணிக்கும் டர்போ வைத்த ஒரு காரை வாங்கிவிட்டார்.

"இந்த வயசுல உனக்கு டர்போவாம்மா?" என்று மகள் போனில் சிரித்தாள்.

"ஏத்தத்துக்கு என் வயசு தெரியாதுடி."

காரில் ஒரே குறை, ஏர் ஃபில்டர் இருந்த பெட்டி உடைந்திருந்தது. அடிவாரத்து ஒர்க்‌ஷாப்பில் காரைக் கொண்டுபோய் விட்டார். ஒர்க்‌ஷாப்காரரை எல்லாரும் மீசை என்பார்கள். மீசையை வருஷத்துக்கொரு விதமாக வளர்ப்பார். சொல்லும் யோசனையை மட்டும் மாற்றவே மாட்டார். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூம்பு வடிவத்தில் சிவப்பாக ஒரு ஃபில்டரை டர்போவுக்குப் பக்கத்திலேயே சாண் நீளக் குழாயில் மாட்டினார்.

"சின்னக் குழாய், சின்னத் தூரம். காத்து ஒரே தாவுல உள்ள போயிரும், டீச்சர்."

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உஸ்ஸென்று பாம்பு சீறியது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை பாதி ஏற்றம் வரைக்கும்தான் இருந்தது. வெயில் ஏறிய மத்தியானம் சிக்னலில் நின்று கிளம்பியதும் கார் துவண்டுபோயிற்று. பால் வண்டி ஒன்று அவரைத் தாண்டிப் போனது. ஓட்டுநர் கை வேறு காட்டினார்.

"உங்க கால்ல அழுத்தம் பத்தல," என்றார் மீசை.

டீச்சர் நேரே பள்ளிக்குப் போனார். ஆய்வகத்திலிருந்து, நீள ஒயரில் முனை தொங்கும் வெப்பமானி இரண்டை வாங்கி வந்தார். ஒன்றின் முனையை முன் பம்பரில் கட்டினார், மற்றதைச் சிவப்பு ஃபில்டருக்குப் பக்கத்தில். இரண்டையும் படிக்கும் உத்தியோகம் கணவருக்கு.

"வெளியில முப்பத்தொண்ணு. உள்ள நாப்பத்தஞ்சு... அம்பத்திரண்டு... ஏம்மா, அறுபத்தெட்டுக்கு வந்துருச்சு! இறங்கிறலாமா?"

"சும்மா படிங்க. வெந்து போறது நீங்க இல்ல, காத்துதான்."

சூடான காற்று மெலிந்த காற்று. இஞ்சினுக்குச் சோறு போடுகிறேன் என்று கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது அந்தச் சிவப்புக் கூம்பு. டீச்சர் அட்டவணை போட்டு, கோடு கிழித்து, மீசையின் முன்னால் வைத்தார். மீசை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பக் கீழ பம்பருக்குள்ள இறக்கிருவோம். குளுகுளுன்னு இருக்கும். என் வண்டிலயே அப்பிடித்தான் வச்சிருக்கேன்."

இறக்கினார். தூரம் கூடிவிட்டதால் கையில் கிடைத்த மெத்தென்ற ரப்பர் குழாயை வளைத்து நெளித்து மாட்டினார். இப்போது கார் சீறிக் கிளம்பியது. ஆனால் முழுசாக அழுத்தியதும் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் திணறியது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கணவரை உள்ளே உட்கார்த்தி அழுத்தச் சொன்னார் டீச்சர். டர்போ உறிஞ்சுகிற வேகத்தில் அந்த ரப்பர் குழாய், குழந்தை ஸ்ட்ராவில் கடைசிச் சொட்டு ஜூஸை இழுக்கும்போது கன்னம் ஒட்டுமே, அப்படி ஒட்டிப்போயிற்று.

மறுநாள் அலுமினியக் குழாய் வந்தது. வளைவு இரண்டே இரண்டு, அதுவும் மெதுவான வளைவு. காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் ஒரு சாண் நேராக விடவேண்டும் என்று டீச்சர் சொல்ல, மீசை அப்படியே வெட்டினார். கார் பறந்தது.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் சாயங்காலம் ரயில் பாலத்தடியில் தண்ணீர் கட்டி நின்றது. டீச்சர் காரை நிறுத்தி, பின் சீட்டிலிருந்து நீள ஸ்கேலை எடுத்தார்.

"எங்க போற?" என்றார் கணவர்.

"நம்ம ஃபில்டர் தரையிலேருந்து இருபத்தி நாலு சென்டிமீட்டர். ஆழம் தெரியாம கால விடக்கூடாது."

சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆழம் பார்ப்பதற்காகத் தண்ணீருக்குள் காலை விட்டார். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தன. கணவர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார். நடுவில் போய் ஸ்கேலை ஊன்றிப் பார்த்து, "இருபத்தொம்பது!" என்று டீச்சர் கூவியதுதான் தாமதம், வரிசையை விட்டு ஒரு வண்டி விலகி முன்னால் வந்தது. உள்ளே மீசை.

"டீச்சர், கணக்குப் போட்டா கார் ஓடாது! ஒதுங்குங்க!"

தண்ணீர் இருபுறமும் சிறகுபோல விரிய, மீசையின் வண்டி உள்ளே பாய்ந்தது. சரியாக நடுவில், டீச்சருக்கு நாலடி தூரத்தில், ஒரு முறை 'டொக்' என்றது. பிறகு சத்தமே இல்லை. பம்பருக்குள் இருந்த ஃபில்டர் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்துவிட்டது.

கண்ணாடி மெல்ல இறங்கியது.

"எவ்வளவு சொன்னீங்க, டீச்சர்?"

"இருபத்தொம்பது."

"நம்மளுது இருபத்தி ரெண்டு," என்றார் மீசை. மீசை நனையவில்லை, ஆனாலும் தொங்கிப்போயிருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஹாரன் அடித்தவர்களையே கூப்பிட்டு வண்டியைத் தள்ளவைத்தார். மீசையின் இஞ்சினைப் பிரித்துப் பார்த்ததில் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்திருந்தது. ஒன்றரை மாதம் அவர் பஸ்ஸில்தான் போனார்.

அந்த ஒன்றரை மாதத்தில் முதல் வேலையாக டீச்சரின் காரைத்தான் எடுத்தார். ஃபில்டரை மேலே, ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைத்து, இஞ்சின் சூடு அண்டாமல் தகரத் தடுப்பு அடித்து, முன் கிரில்லிலிருந்து காற்று வர வழி விட்டார். ஒவ்வொன்றையும் மாட்டுவதற்கு முன், "இங்க வைக்கட்டுமா? அளந்துக்கிறீங்களா?" என்று கேட்டார். கடைசியில் வெப்பமானி முப்பத்தாறு டிகிரியில் நின்றது. பம்பருக்குள் கிடைத்த முப்பத்து மூன்று இல்லை. மூன்று டிகிரியை மழைக்குக் கொடுத்துவிட்டோம் என்று டீச்சர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பினார். கார் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்றது. பள்ளி கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் இன்னும் வரவில்லை. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்: பதினோரு நிமிஷம் மிச்சம். என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், வாயெல்லாம் பல்லாக.