பூசணிக்காய்மேல் சியாட்டில்

அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் அங்கே போக என் மனைவி துபாயில் மாறி ஏறிய விமானம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. விமானம் போகும் வழியைக் காட்டும் செயலியை மகள்தான் என் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன், மேற்கே திரும்புகிற வழியைக் காணோம். "எங்கூட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு எங்கடா போறே?" என்று போனையே திட்டினேன்.

சியாட்டிலில் மகளுக்கு முதல் பிரசவம். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று நம்பித்தான் மனைவியை அனுப்பினோம். விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மருமகன் கூப்பிட்டு, வலி எடுத்துவிட்டது என்றார். "அம்மா பக்கத்துல இருந்தாப் போதும், எனக்குப் பயமில்லை" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த பெண். பதினான்கு மணி நேரப் பயணம். அதிலும் இந்த விமானி ஊரைச் சுற்றிக்கொண்டு போனால்?

மருமகனிடமே கேட்டேன்.

"மாமா, அதுதானுங்க குறுக்கு வழி. உலகம் உருண்டைங்களே" என்றார், அந்த அவஸ்தையிலும் பொறுமையாக.

உருண்டை என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்திலேயே எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் சுவரில் இருக்கிற வரைபடத்தில் இன்ச் டேப்பை வைத்தால் மேற்கு வழிதான் கிட்ட வருகிறது. அதற்கு என்ன சொல்கிறார்?

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், துணி வெட்ட அளவெடுத்து வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் நான். அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. குழம்பு வைத்துக்கொள்ளச் சொல்லி மனைவி வாங்கிப் போட்டிருந்த பூசணிக்காயை எடுத்தேன். காம்பு வடதுருவம். அதற்கு இந்தப் பக்கம் துபாய், நேர் எதிர்ப்பக்கம் சியாட்டில் என்று சாக்பீஸால் புள்ளி வைத்தேன். பக்கவாட்டில் சுற்றி டேப்பைப் பிடித்தேன். பிறகு காம்பைத் தாண்டி மேலே போட்டுப் பிடித்தேன். அடேங்கப்பா, எவ்வளவு குறைச்சல்! விரித்துப் போட்ட துணி வேறு, தோளில் ஏறிய துணி வேறு என்று இத்தனை வருஷம் பிழைத்தவனுக்கு இது உறைக்க ஒரு பூசணிக்காய் வேண்டியிருந்திருக்கிறது.

அதற்கப்புறம் அந்த விமானி செய்ததெல்லாம் எனக்குச் சரியாகவே பட்டது. ருஷ்யா முடிந்தது. ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லாத வெள்ளைப் பரப்பு வந்தது. சாயங்காலம் தாண்டி மருமகன் மறுபடி கூப்பிட்டு, போனை மகளின் காதில் வைத்தார்.

"அம்மா இப்ப எங்கப்பா இருக்கறாங்க?" என்று கேட்டாள்.

"உச்சியத் தாண்டிட்டா கண்ணு. இனி இறக்கந்தான். தைரியமா இரு."

அரை மணி கழித்துப் போனில் குழந்தையின் அழுகை கேட்டது. பேத்தி. மகள் களைத்துப்போய்க் கேட்டாள்: "அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களாப்பா?"

சியாட்டிலுக்குத் தெரியும், அருள்புரத்துக்கும் தெரியும். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று நிம்மதியாக நடுவானத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. கிடைக்காது என்று தெரிந்தே அவள் நம்பரைப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன்.

அப்புறம் திரையில் நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சின்ன விமானத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு சொன்னேன்: "அம்மிணி, பேத்தி பொறந்துட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. நீ பதறாம வா."