உள்ளான் காலில் இருந்த எண்

தடா பக்கத்துத் தொழிற்சாலையில் செல்போன் பாகங்களின் பொடி எழுத்து எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு பங்குனி ஞாயிறு பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். சேற்றில் மேய்ந்த உள்ளான் பறவைக் கூட்டத்தில் ஒன்றின் காலில் பிளாஸ்டிக் துண்டு இருந்தது. எவனோ வீசிய குப்பை மாட்டிக்கொண்டது என்று நினைத்து, கழற்றிவிட ஓடினேன். கூட்டம் மொத்தமும் பறந்துவிட்டது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் கடுப்பானார். "இன்னாம்மா பண்ணிட்ட? அது பறவை ஆராய்ச்சிக்காரங்க மாட்டின நம்பரு. மூணு மாசமா பாத்துக்கினு கீறேன், என் கண்ணுக்கு எழுத்து தெரியல. இந்த வாரம் எல்லாம் கிளம்பிடும்."

அவமானமாகிவிட்டது. சேற்றிலேயே குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவை திரும்பின. போனில் பெரிதாக்கியும் எழுத்து மங்கல்தான். ஆனால் மங்கல் எழுத்தைப் படிப்பதுதானே என் பிழைப்பு? படித்துவிட்டேன். மீனவர் அதை ஆராய்ச்சிக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

மறுநாள் பதில் வந்தது. ஏழு வருடம் முன்பு கோடியக்கரையில் மாட்டிய எண்ணாம். கோடைக்குச் சைபீரியா போய் முட்டையிட்டு, குளிருக்கு இங்கே வருகிற இனம். உள்ளங்கையில் அடங்கும் பறவை, ஆறேழு முறை போய் வந்திருக்கிறது.

இந்தக் கார்த்திகையில் மீனவர் கூப்பிட்டார். "உன் உள்ளான் மாதிரியே ஒண்ணு வந்துகீதும்மா."

இம்முறை ஓடவில்லை. தவழ்ந்து போய்ப் படித்தேன். அதே எண்.

நாளெல்லாம் எத்தனையோ எண்களைப் பேசாமல் சரிபார்க்கிறேன். "சரி" என்று வாய்விட்டுச் சொன்னது அந்த ஒன்றுக்குத்தான்.